தலையில் அடிபட்ட பிறகு தலைவலியா? மாத்திரையை எண்ணுங்கள்!

சில வருஷங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து அடைமழை நாள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவருடைய மனைவி என் வைத்தியசாலைக்கு வந்தார்.

"ஐயா, இவுகளுக்குப் பத்து நாளாத் தலைவலி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன், நிக்கல. ஒரு பாட்டில் சுக்குத் தைலம் குடுங்க, தேய்ச்சு விடுதேன். போன தடவை எனக்கு அது நல்லாக் கேட்டுச்சு."

காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நாடி பார்த்தேன். பெரியவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கொஞ்சம் மெதுவாக. வயசாளி, மழைக் குளிர், தூக்கக் குறைவு... இப்படி நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு சீட்டில் தைலத்தின் பெயரையும் எழுதிவிட்டேன்.

அவர் எழுந்து நடந்தார். இடது கால் செருப்பு கழன்று தரையிலேயே நின்றுவிட்டது. அது கழன்றதே தெரியாமல் அவர் வாசல் வரை போய்விட்டார்!

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, ஐயா எங்கேயாவது கீழே விழுந்தாங்களா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்லய்யா. புரட்டாசி மாசம் ஆரம்பத்துல பாத்ரூம்ல வழுக்கி, சுவத்துல லேசாத் தலையை இடிச்சுக்கிட்டாக. ரத்தம்கூட வரல. அதை யாரு நினைச்சா?"

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"ஹார்ட்டுக்கு... ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை தினமும் உண்டு."

எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அன்றே ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். மூளையைச் சுற்றியுள்ள உறைக்குக் கீழே ரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை எடுத்தார்கள். அடுத்த மாதம் பெரியவர் தானாகவே நடந்து வந்தார், இரண்டு கால்களிலும் செருப்போடு!

அந்தச் செருப்பு கழலாமல் இருந்திருந்தால்? ஒரு பாட்டில் தைலத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டியதை நான் கடைசியில்தான் கேட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

தேரையர் கதை சொல்லும் பாடம்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் அடிக்கடி கேட்ட கதை ஒன்று உண்டு. ஓர் அரசனுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் அவனுடைய கபாலத்தைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது! அதை எப்படி எடுப்பது என்று அவர் யோசிக்கும்போது, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து காட்ட, தேரை அதில் குதித்துவிடுகிறது. அதனால் அந்தச் சீடனுக்குத் தேரையர் என்று பெயர் வந்ததாம்.

இது செவிவழிக் கதைதான். ஆனால் அதில் உள்ள பாடம் பெரிது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வைத்தியம். தலையில் அடிபட்ட பிறகு வருகிற தலைவலிக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. இந்தக் காலத்தில் உள்ளே பார்க்க ஸ்கேன் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே பற்றுப் போடுவது எந்த வைத்தியமும் ஆகாது.

முதல் 2 நாட்கள்: எதைக் கவனிக்க வேண்டும்?

"வெளியே வீங்கிடுச்சுன்னா பயமில்லை, உள்ளே ரத்தம் கட்டாது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். வெளி வீக்கத்தை மட்டும் வைத்து உள்ளே இருக்கிற நிலைமையைச் சொல்லிவிட முடியாது. புடைப்பு பெரிதாக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தம் கசியவும் செய்யலாம்.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை, தைலம், பற்று எதையும் தேடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அல்லது ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள்.

* நினைவு தப்பியது, அல்லது அடிபட்ட நேரத்து ஞாபகமே இல்லை
* ஒரு தடவைக்கு மேல் வாந்தி
* நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகிற தலைவலி
* எழுப்பினாலும் சரியாக எழாத மயக்கத் தூக்கம்
* பேச்சுக் குழறல், ஆட்களை அடையாளம் தெரியாத குழப்பம்
* வலிப்பு
* கை அல்லது கால் பலவீனம், நடை தடுமாற்றம்
* இரண்டு கண் பாப்பாக்களும் வேறு வேறு அளவில் தெரிவது
* மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ வடிவது

65 வயதைத் தாண்டியவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், இந்த மூன்று பேருக்கும் 'லேசான அடி' என்று ஒன்று கிடையாது. வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்குகிறது. அதனால் மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள மெல்லிய ரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சின்ன அதிர்ச்சியிலும் அவை கிழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியலாம். அறிகுறி தெரிய வாரக்கணக்கு ஆகும். நான் சொன்ன பெரியவருக்கு நடந்தது இதுதான். ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதாகத் தலைவலி வந்தால், கடந்த 3 மாதங்களில் எங்கேயாவது விழுந்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

முதல் நாட்களில் எந்த மாத்திரை?

டாக்டர் பார்த்து, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனாலும் தலை வலிக்கிறது. என்ன செய்வது?

இந்த நேரத்தில் பொதுவாகத் தரப்படுவது பாரசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், டாக்டர் சொன்ன அளவில். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஒல்லியானவர்கள், ஈரல் நோயாளிகள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவே அதிகம். இன்னொன்று, சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துப் போட்டால் தெரியாமலே இரண்டு மடங்கு உள்ளே போய்விடும், ஈரல்தான் பாதிக்கப்படும்.

ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. அதனால் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு டாக்டர் சொல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள். அதற்காக, இதய நோய்க்கு ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லி, அவர் முடிவுப்படி நடக்க வேண்டும்.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மயக்கம் காயத்தால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சித்த மருந்து எப்போது?

"என்ன டாக்டர், நீங்களே இங்கிலீஷ் மருந்து பற்றிச் சொல்லிக்கிட்டிருக்கீங்க?" என்று சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. நோயாளி நல்லபடியாக இருந்தால்தான் வைத்தியத்துக்கே பெருமை.

அடிபட்ட புதிதில் மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். முதலாவது, மூக்கில் சொட்டு விடும் நசியம். மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் விரிசல் இருந்தால், மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாகக் கசியும். அந்த வழியில் நாம் எதையாவது விட்டால், கிருமி உள்ளே போய் மூளைக் காய்ச்சலில் முடியலாம். இரண்டாவது, குனிந்து ஆவி பிடிப்பது. தலைசுற்றலோடு கொதிக்கிற பாத்திரத்தின் முன்னால் குனிவது இன்னொரு விபத்துக்கு அழைப்பு. மூன்றாவது, கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது. கழுத்து எலும்பிலோ, மூளைக்குப் போகிற ரத்தக் குழாயிலோ காயம் இருந்தால் அந்த ஒரு திருப்பு பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

வர்ம மருத்துவத்தில் மொத்தம் 108 வர்மங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் தலை முதல் கழுத்து வரை மட்டும் 25. அடிபட்டால் ஆபத்தான இடம் என்று தலையை நம் முன்னோர்கள் எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்! அப்படிப்பட்ட இடத்தைப் பழகாத கையில் ஒப்படைக்கலாமா?

உள்ளே ஆபத்து இல்லை என்று உறுதியாகி, காயமும் ஆறிய பிறகு எங்கள் பங்கு வரும். கழுத்தும் தோளும் இறுகி வலித்தால் நொச்சி இலையை வதக்கி, துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். நெற்றிப் பொட்டில் கொஞ்சம் சுக்குத் தைலம் தடவலாம். தலையில் நீர் கோத்தது போன்ற பாரம் இருந்தால் நீர்க்கோவை மாத்திரையைத் தண்ணீரில் இழைத்து நெற்றியில் பற்றுப் போடலாம். மாத்திரை என்று பெயர் இருக்கிறதே என்று விழுங்கிவிடாதீர்கள்! அது மேலுக்குத்தான். இவையெல்லாம் இதம் தரும் துணை மருந்துகள். முழு சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். அமுக்கரா சூரணம் போன்ற உள் மருந்துகளைச் சாப்பிடுவதாக இருந்தால் ஆங்கில மருத்துவரிடமும் சொல்லுங்கள். தூக்கம் தரும் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் மயக்கம் கூடும்.

ஸ்கேன் நார்மல்... ஆனாலும் ஏன் வலி?

இப்போது இரண்டாவது கதைக்கு வருவோம். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், வயது நாற்பதுக்குள். கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கிக் கீழே விழுந்தார். ஹெல்மெட் கணவர் தலையில் மட்டும்தான்! ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் தொடங்கிய தலைவலி நாலு மாதமாகியும் நிற்கவில்லை.

"ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்கு வலியே இல்லைன்னு அர்த்தமா டாக்டர்? வீட்ல எல்லாரும் நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க" என்று சொல்லி அழுதுவிட்டார்.

வாசகர்களே, இது நடிப்பே அல்ல. அடிபட்ட 7 நாட்களுக்குள் தொடங்குகிற இந்த வலிக்குச் சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடமே இருக்கிறது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வகையில் சேர்க்கிறார்கள். ஸ்கேன் என்பது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை குலுங்கியதால் நரம்புகளின் வேலையில் ஏற்படுகிற மாற்றத்தை அது காட்டாது. அடியின் பலத்துக்கும் வலியின் பலத்துக்கும் நேர்க் கணக்கும் கிடையாது. லேசான அடிக்குப் பிறகு பெரிய தலைவலி வருவது சகஜம்.

பலருக்கு இது சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். சிலருக்கு மைக்ரேன் போல ஒரு பக்கமாகத் தெறிக்கும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. வேறு சிலருக்குக் கயிறு கட்டி இறுக்கியது போல் இருக்கும். எந்த ரகம் என்பதைப் பொறுத்துத்தான் மருந்து.

வலி மாத்திரையே வலி தரும்!

ஆசிரியையிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடுறீங்கம்மா?"

"ஒண்ணு... சில நாள் ரெண்டு. போட்டாத்தான் ஸ்கூலுக்கே போக முடியுது."

"மாசத்துல எத்தனை நாள்?"

யோசித்தார். தெரியவில்லை. கணவர்தான் சொன்னார்: "வாரம் ஒரு அட்டை வாங்குறேன் டாக்டர்." ஒரு அட்டைக்குப் பத்து மாத்திரை. அப்படியானால் ஏறக்குறைய தினமும்!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தலைவலி உள்ளவர்கள் வலி மாத்திரையை அடிக்கடி போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகிவிடும். பாரசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற சாதா மாத்திரைகள் என்றால் மாதத்தில் 15 நாள். காஃபின் முதலியவை சேர்ந்த கூட்டு மாத்திரைகள், எர்காட் வகை, டிரிப்டான் வகை, டிரமடால், கோடீன் போன்றவை என்றால் மாதத்தில் 10 நாள். இந்த எல்லையைத் தாண்டி 3 மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் இந்த நிலை வரலாம். மாத்திரையின் வேகம் இறங்கியதும் வலி எழும்; வலி எழுந்ததும் அடுத்த மாத்திரை. குடத்தில் ஓட்டையை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அந்த அரசனின் தலையில் இருந்தது தேரை. இந்தம்மாவின் தலைக்குள் உட்கார்ந்திருந்தது மாத்திரை!

இதிலிருந்து மீள வழி, அந்த மாத்திரையை நிறுத்துவதுதான். சாதா மாத்திரைகளைப் பெரும்பாலும் ஒரேயடியாக நிறுத்திவிடலாம். டிரமடால், கோடீன் வகைகளை மட்டும் டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறுத்திய முதல் சில நாட்கள், சிலருக்குப் பத்து நாள் வரை, வலி இன்னும் அதிகமாகும். குமட்டும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். வீட்டில் உள்ளவர்கள் அந்த நாட்களில் சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டால் அதுவே பாதி வைத்தியம்.

"இது மனநோய் மாத்திரையாமே?"

ஆசிரியையை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் இரவில் போட அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மறுநாளே கணவரிடமிருந்து போன். "டாக்டர், இது மன அழுத்தத்துக்குத் தர்ற மாத்திரைன்னு போட்டிருக்கு. இவளுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே!"

பயப்பட வேண்டாம். அது அந்த நோய்க்காக முதலில் வந்த மருந்துதான். ஆனால் சின்ன அளவில், தலைவலி வராமல் தடுக்கும் மருந்தாகப் பல வருஷங்களாகப் பயன்படுகிறது. அடிபட்ட தலைவலிக்கென்றே தனியாக ஒரு மருந்து கிடையாது. வலி எந்த ரகமோ, அந்த ரகத்துக்கான தடுப்பு மருந்தைத்தான் தருவார்கள். அதனால்தான் ரத்த அழுத்த மருந்தான ப்ரொப்ரனலால், வலிப்பு மருந்தான டோபிராமேட் போன்றவையும் எழுதப்படுகின்றன.

இவற்றுக்கும் பத்தியம் உண்டு. அமிட்ரிப்டிலின் வாய் உலர வைக்கும், காலையில் அசத்தும், எடை கூட்டும். கண் நீர் அழுத்த நோயும் சிறுநீர் அடைப்பும் உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ப்ரொப்ரனலால் ஆகாது. அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டோபிராமேட் சிலருக்கு வார்த்தை தேட வைக்கும். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் கூடாது.

முக்கியமாக, தடுப்பு மாத்திரை ஒரே நாளில் வேலை செய்யாது. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் பிடிக்கலாம். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, "கேக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் மறுபடி கடை மாத்திரைக்கே திரும்புகிறார்கள்.

படுத்தே கிடக்க வேண்டுமா?

வேண்டாம். ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். பிறகு மெல்ல நடமாட வேண்டும். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்களும், தலையில் அடிபட்ட வீரர்களை இருட்டறையில் முழு ஓய்வில் வைப்பதைவிட, சீக்கிரமே லேசான நடைப் பயிற்சி தொடங்குவது நல்லது என்றுதான் சொன்னார்கள். ஆனால் கிரிக்கெட், கபடி ஆடுகிற பிள்ளைகள், தலைவலி முழுசாக நின்று டாக்டர் அனுமதி தரும் வரை மைதானத்தில் இறங்கக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் ஆபத்து அதிகம்.

நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், போதுமான தண்ணீர். காபி ஒன்றிரண்டு தம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி செல்போனைத் தள்ளி வையுங்கள்.

பால் கணக்குப் போல வலிக் கணக்கு

ஆசிரியைக்கு நான் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்றுதான். சமையலறையில் பால் கணக்கு எழுதத் தொங்கவிட்டிருக்கிற மாதக் காலண்டர்! தலை வலித்த நாளில் ஒரு புள்ளி. வலி மாத்திரை போட்ட நாளில் சிவப்பு வட்டம். பக்கத்தில் மாத்திரையின் பெயர். மாதவிலக்கு நாளையும், தூங்காத இரவையும் குறித்து வைக்கச் சொன்னேன். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்துப் போனால் போதும். "எப்பவும் வலிக்குது" என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு உபயோகம்.

முதல் பத்து நாள் மிகவும் கஷ்டப்பட்டார். இரண்டு தடவை போன் செய்து அழுதார். மூன்றாவது மாதக் காலண்டரைக் கொண்டுவந்து காட்டியபோது அதில் நாலே நாலு சிவப்பு வட்டம். வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் மாத்திரை இல்லாமல் பள்ளிக்கூடம் போகிறார். ஸ்கூட்டரில் இப்போது இரண்டு ஹெல்மெட்!

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து, போன மாதத்து வலி மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். யார் போட்டது, எத்தனை நாள் போட்டது என்று கேளுங்கள். அப்படியே வீட்டுப் பெரியவர்களிடம், சமீபத்தில் எங்கேயாவது விழுந்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். "ஒண்ணுமில்ல, லேசாத்தான் இடிச்சுது" என்பார்கள். அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.